அரசியல் செய்திப் பித்தும் ஒரு மழைமானியும்

2024 ஜூன் மாதம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். மக்களவைத் தேர்தல் முடிவு வந்து சில நாள்களே ஆகியிருந்தன. சூட்டோடு சூடாக இருக்கட்டும் என்று ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தலும் அரசியல் கட்சிகளும் பற்றிய பாடத்தை முதலில் எடுத்தேன். வெற்றி தோல்வியை விளக்கும்போது ஒரு தலைவரைக் குறித்து ஒரு கேலி வாக்கியம் என் வாயில் வந்தது. வகுப்பே சிரித்தது. மூன்றாம் பெஞ்சில் ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர். அவர்கள் வீட்டு வாசலில்தான் கொடிக்கம்பம் இருக்கிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாய்க் கை தூக்குகிறவள், அடுத்த இரண்டு வாரம் என் வகுப்பில் கையைத் தூக்கவே இல்லை.

அன்று இரவு யோசித்தபோது இன்னொன்றும் புரிந்தது. அந்த வாக்கியம் என்னுடையதுகூட இல்லை. முந்தைய நாள் இரவு தொலைக்காட்சி விவாதத்தில் யாரோ சொன்னது. அது எனக்குள் தங்கி, மறுநாள் காலை பதினான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் வெளியே வந்துவிட்டது.

அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973 நமக்கு என்ன சொல்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். வாக்களிக்கலாம், கட்சி அரசியலில் பங்கெடுக்கக் கூடாது. ஆனால் இந்தக் கட்டுரை விதியைப் பற்றியது அல்ல. எந்தக் கட்சியிலும் இல்லாத, எந்தக் கூட்டத்துக்கும் போகாத ஓர் ஆசிரியையின் தலைக்குள் நாள் முழுக்கக் கட்சிகள் குடியிருந்ததைப் பற்றியது. அவற்றைக் காலி செய்ய எடுத்த முயற்சியில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைப் பற்றியது.

சொல்ல எதுவும் இல்லாத 46 நாள்கள்

நான் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை. அரசியலைக் கவனிப்பது என் பாடத்தின் ஒரு பகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். காலையில் பால் காய்வதற்குள் செய்தி. பேருந்தில் வாட்ஸ்அப். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் தொலைக்காட்சி. இரவு எட்டு மணி விவாதம் முடியும்வரை குக்கர் எத்தனை விசில் வைத்தது என்று தெரியாது. ஒரு நாள் என் மகள் என் கைப்பேசியின் திரை நேரத்தை எடுத்துக் காட்டினாள். சராசரியாக மூன்று மணி நாற்பது நிமிடம். தொலைக்காட்சி அதில் சேராது.

2024 தேர்தலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று முதல் கட்டத்திலேயே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. நானும் வாக்குப்பதிவு அலுவலராகப் பணி செய்தேன். விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, மாலையில் 17சி படிவம் எழுதி, இயந்திரத்துக்கு முத்திரை வைத்து அனுப்பினோம். வாக்கு எண்ணிக்கையோ ஜூன் 4. இடையில் 46 நாள்கள். ஏழாவது கட்டம் ஜூன் 1 மாலை முடியும்வரை வாக்குக் கணிப்புகளை வெளியிடவும் சட்டப்படி தடை. அதாவது, எங்கள் தொகுதியின் முடிவு ஓர் அறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல எதுவுமே இல்லை. முத்திரை வைத்த கைகளில் என் கையும் ஒன்று. இருந்தும் அந்த 46 நாளும் தினம் இரண்டு மணி நேரம் நான்கு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பார்த்தது செய்தியை அல்ல என்று பின்னால்தான் விளங்கியது. செய்திக்கு ஒரு முடிவு உண்டு. நாளிதழை மடித்து வைத்தால் முடிந்தது. விவாதத்துக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் முடிவு கிடையாது. நாளைக்கும் நாம் வரவேண்டும் என்றால் இன்றைக்கு எதுவும் முடியக் கூடாது. கொஞ்சம் கோபத்தோடும் கொஞ்சம் எதிர்பார்ப்போடும் நம்மைத் தூங்க அனுப்ப வேண்டும். அந்தக் கோபம் மறுநாள் ஆசிரியர் அறைக்கு வரும். எங்கள் அறிவியல் ஆசிரியை அக்காவோடு பதினொரு வருடம் ஒரே மேசையில் மதிய உணவு சாப்பிட்டவள் நான். மே மாதம் குழுவில் வந்த ஒரு காணொளியை வைத்து இருவருக்கும் வாய்த்தகராறு வந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது அக்கா தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டார்.

முதலில் செய்த தவறு

அந்த மாணவியைத் தனியே அழைத்து, "நான் அன்னைக்குச் சொன்னது தப்பும்மா" என்றேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். பரவாயில்லை என்று அவள் முகம் சொல்லவில்லை. அதனால் வகுப்பிலும் சொன்னேன். கேலி வேறு, பாடம் வேறு. அன்று நான் இரண்டையும் கலந்துவிட்டேன் என்றேன். அதற்கு மேல் சொல்லால் செய்ய ஒன்றுமில்லை. பழக்கம் மாற வேண்டும்.

எல்லோரும் செய்வதையே முதலில் செய்தேன். குழுக்களிலிருந்து வெளியேறினேன். செய்திச் செயலிகளை நீக்கினேன். "இனிமேல் பார்ப்பதில்லை" என்று வீட்டில் அறிவித்தேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, பொழுதுபோக்கு வேண்டும் என்றார்கள் என்பதற்காகப் பூத்தையல் நூலும் வளையமும் வாங்கினேன். ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போனது. வண்ணம் தீட்டும் புத்தகம், அதுவும் போனது. ஒரு தடித்த நாவலை எடுத்தேன்; இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை கை தானாகக் கைப்பேசியைத் தேடியது. பூத்தையலில் குறை ஒன்றும் இல்லை. எனக்கு எதில் பசி என்று பார்க்காமல் கையில் கிடைத்ததைச் சாப்பிட்டதுதான் குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து, அரசியல் செய்தி எனக்கு என்னதான் தருகிறது என்று நேர்மையாக எழுதிப் பார்த்தேன். நான்கு வந்தன.

ஒன்று, எண்கள். எந்தத் தொகுதியில் எத்தனை வாக்கு வித்தியாசம், போன முறை எவ்வளவு என்பதில் எனக்கு ஒரு ருசி.
இரண்டு, எதிர்பார்ப்பு. நாளை என்ன நடக்கும் என்ற படபடப்பு.
மூன்று, வாதம் செய்யத் துணை. சரிக்குச் சரி பேசுவதற்கு ஓர் ஆள்.
நான்கு, நாட்டு நடப்பில் எனக்கும் பங்கு உண்டு என்ற உணர்வு.

இந்த நான்கில் எதுவும் கெட்டது அல்ல. இவற்றை அடக்கத் தேவையில்லை. வேறு இடத்தில் பரிமாறினால் போதும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். விட நினைக்கும் பழக்கம் எந்தப் பசியைத் தீர்த்ததோ அதே பசியைத் தீர்க்கும் பொழுதுபோக்குதான் நிலைக்கும். கூடவே அது அன்றன்றைக்கு முடிகிறதாகவும், நம் கை படுகிறதாகவும் இருக்க வேண்டும்.

எண்களுக்கு மழை

39 தொகுதிகளின் வாக்கு வித்தியாசத்தை மனப்பாடமாகச் சொன்ன எனக்கு 38 மாவட்டங்களின் மழை அளவு கிடைத்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு மழைமானி செய்தேன். செய்முறை எளிது. பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, கழுத்து சரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் உள்ளே பொருத்த வேண்டும். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, நேர்பக்கம் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அதைப் பூஜ்யம் என்று குறித்து, அங்கிருந்து மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்ட வேண்டும். மரமும் சுவரும் மறைக்காத திறந்த இடத்தில், காற்றுக்குச் சாயாமல் நான்கு செங்கல்லுக்கு நடுவில் வைக்க வேண்டும். வானிலைத் துறை காலை 8.30 மணிக்குத்தான் முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. நாமும் அதே நேரத்தில் பார்த்தால் நம் அளவையும் செய்தியில் வரும் அளவையும் ஒப்பிடலாம். பார்த்த பின் தண்ணீரை மீண்டும் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தினம் இரண்டு நிமிட வேலை.

அதன் பிறகு எண்கள் வரத் தொடங்கின. 1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் தண்ணீர். எங்கள் வகுப்பறைக் கட்டடத்தின் கூரை 200 சதுர மீட்டர் என்றால், 20 மி.மீ. மழைக்கு 4,000 லிட்டர். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை தருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. இப்படி எண்ணுக்கு எண், ஒப்பீட்டுக்கு ஒப்பீடு. ஆனால் மழை எண்ணால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

எதிர்பார்ப்புக்குப் பறவை

"நாளை என்ன நடக்கும்" என்ற படபடப்புக்கு மொட்டைமாடி உதவியது. காலை ஆறரை மணிக்கு பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று, கண்ணில் படும் பறவைகளை எழுதுவது. முதல் நாள் காகம், மைனா, புறா, கரிச்சான் என்று நான்கோடு நின்றது. ஒரு மாதத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம், செம்போத்து, வால்காக்கை, பனங்காடை, மீன்கொத்தி, கொண்டலாத்தி எல்லாம் சேர்ந்தன. அவை புதிதாக வரவில்லை, அங்கேயேதான் இருந்திருக்கின்றன. குளிர்காலத்தில் வாலாட்டியும் தகைவிலானும் வருவதற்குக் காத்திருப்பது, சத்தியமாகச் சொல்கிறேன், வாக்கு எண்ணிக்கைக்குக் காத்திருப்பதைவிடச் சுவையானது.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, பறவை வகைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு தளத்தில் பதிவு செய்யலாம். மாணவர்களும் பங்கேற்கலாம். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பள்ளி வளாகமே போதும்.

வாதத்துக்குத் தாயம்

இரவு எட்டு மணிதான் கடினமான நேரம். கை சும்மா இருந்தால் ரிமோட்டைத் தேடும். என் மாமியாரிடம் பழைய பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி இருந்தது. சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் சோழியும் காயாக வைத்து, மாமியார், மகள், நான் மூவரும் உட்கார்ந்தோம். தாயம் விழாமல் வெளியே நிற்கும் தவிப்பு, பழமாகப் போகிற காயை வெட்டினால் கிளம்பும் கூச்சல், "அது அஞ்சு இல்ல, ஆறு" என்ற வழக்கு, எல்லாம் உண்டு. விவாத மேடையில் நான் தேடியதெல்லாம் இங்கே இருந்தது. ஒரே வேறுபாடு, ஒன்பதரைக்கு ஆட்டம் முடியும். கட்டத்தை ஈரத்துணியால் துடைத்தால் கோபமும் போய்விடும். எழுபத்திரண்டு வயது மாமியார் இத்தனை அழகாகச் சண்டை போடுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பங்குக்குக் கிராம சபை

நான்காவது பசிதான் என்னை வெட்கப்பட வைத்தது. 543 மக்களவைத் தொகுதிகளைப் பற்றிப் பேசுகிற எனக்கு எங்கள் வார்டு உறுப்பினரின் பெயர் தெரியாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒன்றுக்கும் போனதில்லை. 2024 அக்டோபர் 2 அன்று எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஊர் வாக்காளராகப் போய் உட்கார்ந்தேன். வரவு செலவு வாசித்தார்கள். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஏரி வாய்க்கால் அடைப்பு பற்றிப் பேசினார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், வாய்க்கால் பற்றி. பதிவேட்டில் கையெழுத்திட்டேன். நான்கு பேர் பேசுவதை இரண்டு மணி நேரம் கேட்பதைவிட அந்த ஒரு கேள்விக்கு எடை இருந்தது.

எனவே அரசியலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடிமையியல் நடத்துகிறவள் அப்படிச் சொல்லக் கூடாது. காலையில் இருபது நிமிடம் நாளிதழ் படிக்கிறேன். வாக்களிக்கிறேன். கிராம சபைக்குப் போகிறேன். மீதி நேரத்தில் அரசியலுக்கு நான் தேவையில்லை. எனக்கும் அது தேவையில்லை.

சறுக்கலும் சேர்த்தே சொல்கிறேன்

என் மழை நோட்டில் 2024 நவம்பர் 23-ஆம் தேதி காலியாக இருக்கிறது. அன்று மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட் சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. சனிக்கிழமை வேறு. எட்டு மணிக்கு எண்ணத் தொடங்கினார்கள். எட்டரைக்குப் பாட்டில் நினைவுக்கு வரவில்லை. உறவு, நட்பு எதுவும் இல்லாத இரண்டு மாநிலங்களுக்காக மாலைவரை கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலி இடத்தை நான் பின்னால் நிரப்பவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன். பழக்கம் ஒரே நாளில் போவதில்லை. ஒரு நாள் தவறியதால் எல்லாம் போய்விடுவதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 30, பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தை உலுக்கிய இரவு அது. மின்சாரம் இல்லை. இரண்டு முறை டார்ச்சோடு போய்ப் பாட்டிலை அளந்து கொட்டினேன். மூன்றாம் முறை போனபோது அது நிரம்பிச் சாய்ந்து கிடந்தது. காலையில் மயிலத்தில் 51 செ.மீ. என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது. அறிவியல் ஆசிரியை அக்கா. ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? உன் பாட்டில்ல எவ்வளவும்மா?"

"நிரம்பிச் சாஞ்சிடுச்சுக்கா" என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பள்ளி மறுபடி திறந்தபோது நனைந்த நோட்டுகளுக்குப் பதில் புது நோட்டு சேகரித்துக் கொடுத்த வேலையை அக்காவும் நானும் சேர்ந்துதான் செய்தோம். மே மாதக் காணொளியைப் பற்றி இன்றுவரை இருவரும் பேசவில்லை. மதிய உணவு மீண்டும் ஒரே மேசையில்.

பள்ளிக்குள்

அக்காவின் யோசனைப்படி சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில் பள்ளி வளாகத்திலும் ஒரு மழைமானி வைத்தோம். காலை வழிபாட்டில் செய்தி வாசிப்புக்குப் பின் அன்றைய மழை அளவை ஒரு மாணவர் சொல்வார். லிட்டர் கணக்கை ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார். பறவைப் பட்டியலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு மழை பிடிக்காமல் இருக்கலாம். உங்கள் பசி வேறாக இருக்கலாம். தாளும் பேனாவும் எடுத்து, அரசியல் செய்தி உங்களுக்கு எதைத் தருகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். அந்த வரிக்கு நேரே ஒரு மாற்றை எழுதுங்கள். பொருள் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும். தாயக்கட்டை பரணில் இருந்தால் ரிமோட்டே வெல்லும். கைப்பேசி அந்த ஒன்றரை மணி நேரம் வேறு அறையில் இருக்கட்டும். அடுத்த தேர்தலுக்குப் பயிற்சி வகுப்பு, பணி ஆணை எல்லாம் நமக்கு எப்படியும் வரும். தேர்தல் பணியை நன்றாகச் செய்வோம். தேர்தலை வீட்டுக்கும் வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு வராமல் இருப்போம்.

பள்ளி மழைமானியின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டபோது, மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அவளிடமே கொடுத்தேன். ஜனவரியில் ஒரு நாள் காலை பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

"டீச்சர், நேத்து ராத்திரித் தூறல் எவ்வளவுன்னு எங்கப்பா கேட்டாரு. மல்லாட்டைக்குத் தண்ணி கட்டணுமா வேணாமான்னு பாக்கணுமாம்."

"நீயே பாத்துச் சொல்லு" என்றேன்.

"3 மி.மீ. டீச்சர். பத்தாது" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.